பாராட்டு மூன்றாம் நாளே அடங்கிப்போகுது

வணக்கம். எனக்கு 24 வயது, ஊர் திருகோணமலை. நீர்வர்ணத்தில் படம் கீறுகிறேன். கோணேசர் கோயில், உப்புவெளி வள்ளங்கள் என்று முகநூலில் போட்டால் இரண்டு நாள் புகழுகிறார்கள். மூன்றாம் நாள் ஒருவருக்கும் என் பெயர் நினைவில்லை. ராவெல்லாம் லைக் எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். தூரிகையைத் தொடவே மனம் வருகுதில்லை. அம்மா அரசாங்க உத்தியோகம் பார் என்கிறா. விட்டுவிடவா?

தம்பி,

உத்தியோகம் பாருங்கள், படமும் கீறுங்கள். மாதச் செலவுக்குக் காசு வந்தால், விற்குமா என்ற பயத்தில் கீறத் தேவையில்லை. அம்மாவோடு இதற்குச் சண்டை வேண்டாம்.

லைக் எப்போது வரும், எத்தனை வரும் என்று தெரியாததுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. நிச்சயமில்லாத பரிசைத்தான் மனம் திரும்பத் திரும்பத் தேடும். படத்தைப் போட்டதும் அறிவிப்புகளை நிறுத்துங்கள். மறுநாள் பின்னேரம் 15 நிமிடம் பார்த்தால் போதும். போன் படுக்கையறைக்கு வெளியே கிடக்கட்டும். முதலில் அந்தரமாகத்தான் இருக்கும்.

நிலைத்த பெயருக்கு வேறு வேலை இருக்கிறது. ஓவியர் வான்கோ 1890இல் இறந்தார். அவருடைய தம்பி தியோவும் சில மாதங்களில் போய்விட்டார். தியோவின் மனைவி யோஹன்னாதான் படங்களைக் காத்து, 1905இல் அம்ஸ்டர்டாமில் பெரிய கண்காட்சி வைத்து, 1914இல் கடிதங்களையும் வெளியிட்டார். உங்கள் படங்களுக்கு அந்த வேலையை நீங்களே இப்போதே தொடங்கலாம்.

படத்தின் பின்னால் தலைப்பு, திகதி, அளவு, வர்ணம் எல்லாம் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஊறி முன்பக்கம் தெரியும். போட்டோவைப் பகல் நிழலில் எடுங்கள். மஞ்சள் பல்பில் நீலம் செத்துப்போகும். தாள் அமிலமில்லாத 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிப்பில் இருக்கட்டும். எங்கள் கடற்காற்றுக்குப் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்கும். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் முட்டாமல் இடையில் மவுண்ட் அட்டை வையுங்கள். வாங்கியவர் பெயர், இலக்கத்தை ஒரு கொப்பியில் குறியுங்கள். பிறகு கண்காட்சிக்கு இரவல் கேட்க உதவும்.

வள்ளமும் கோயிலும் ஊரில் எல்லோரும் கீறுவதுதான். கரைவலை இழுப்பவர்களின் கைகளை மட்டும் 12 படமாகக் கீறினால், பார்த்தவருக்குக் கீறினவரையும் நினைவிருக்கும். 150 சொல்லில் ஒரு குறிப்பும் சேர்த்து, கொழும்பின் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொல போன்ற இடங்களுக்கு அனுப்புங்கள். ஒரு இடம் மறுத்தால், அந்தக் கிழமையே அடுத்த இடத்துக்கு.

நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன்பே கதைக்க வேண்டும்போல் இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.