மாவில் ஃபோலிக் அமிலம் இருந்தால் மாத்திரை வேண்டாமா?

வேண்டும். சப்பாத்தி மாவுப் பொட்டலத்தில் மலாயில் “அசிட் ஃபோலிக்” (ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின்) என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சகோதரி.

கணக்கைப் பாருங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தேவை. அமெரிக்காவில் 1998 முதல் 100 கிராம் மாவுக்கு 140 மைக்ரோகிராம் சேர்க்கிறார்கள். உங்கள் மாவிலும் அதே அளவு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு சப்பாத்திக்கு 60 கிராம் மாவு என்றால் கிடைப்பது 84தான். மற்ற இரண்டு வேளையும் நம் வீடுகளில் சோறுதானே!

“நாள் தள்ளிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். குழந்தையின் தண்டுவடமாக மாறும் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது; அது சரியாக மூடத்தான் ஃபோலிக் அமிலம் வேண்டும். நாள் தள்ளியதைக் கவனிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஆகவே கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை விடாமல் போடுங்கள்.

பொட்டலத்தின் பின்பக்கம் அளவு எவ்வளவு என்றும் பாருங்கள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கடையில் மூட்டையிலிருந்து நிறுத்துக் கட்டித் தரும் மாவு என்றால், அந்தப் பிளாஸ்டிக் பையில் ஓர் எழுத்தும் இருக்காது.

முன்பு தண்டுவடக் குறையுடன் குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ, நீரிழிவு இருந்தாலோ 400 போதாமல் போகலாம். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.