தீப்பொறி, எலிப்பொறி, ஐம்பொறி, பொறியியல்: இவற்றில் வருவது ஒரே ‘பொறி’தானா?

பொறியியல் என்ற கலைச்சொல் இக்காலத்தில் ஆக்கப்பட்டது. ஆனால் ‘பொறி’ என்னும் சொல் இயந்திர அமைப்பைக் குறிப்பது மிகப் பழைய வழக்கு. எலிப்பொறியில் இருப்பதும் அதே பொறிதான்.

இதற்கு நான் முதன்மையாகக் கருதும் சான்று, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றின் 19ஆம் பாட்டு. ‘இரும்புலி வேட்டுவன் பொறியறிந்து மாட்டிய பெருங்கல் அடார்’ என்கிறார் அவர். அடார் என்பது, மேலே நிறுத்திய கல் விழுந்து விலங்கை வீழ்த்துமாறு அமைக்கும் கற்பொறி. வேட்டுவன் அதைப் ‘பொறியறிந்து’ மாட்டினான் என்பதால், கல்லைத் தாங்கி நின்று, தூண்டியதும் விடுவிக்கும் இயக்க நுட்பமே இங்குப் பொறி எனப்படுவது தெளிவாகிறது. கண்ணிக்கும் இயந்திரத்திற்கும் ஒரே பெயர் அமைந்த காரணம் இந்தத் தொடரிலேயே கிடைத்துவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரைக் கோட்டையின் காவற்கருவிகளை அடுக்கும்போது, தானே வளைந்து அம்பெய்யும் ‘வளைவிற் பொறி’யையும், கல்லுமிழ் கவணையும் குறிப்பிடுகிறது. சீவக சிந்தாமணியில் விசயை தப்பிச் செல்லும் பறக்கும் ஊர்தி மயிற்பொறி. ஆங்கிலத்தின் எஞ்சினியர் என்ற சொல்லும் தொடக்கத்தில் போர்க்கருவி அமைப்போரையே குறித்தது என்பதால், பொறியாளர் என்பது அதற்கு மிகப் பொருத்தமான ஆக்கம் என்பேன். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘பொறிமுறை’யும், இணையத்தின் ‘தேடுபொறி’யும் இதே கிளையைச் சேர்ந்தவை.

மற்றொரு கிளை, அடையாளம் அல்லது புள்ளி என்னும் பொருளில் விரிகிறது. கல்லில் எழுத்தைப் பொறிக்கிறோம். சேரன் இமயத்தில் சூட்டிய வில் இலச்சினையைப் புறநானூற்றின் 39ஆம் பாட்டு ‘விற்பொறி’ என்கிறது. தீப்பொறியை நெருப்பின் புள்ளியாகவும், ஐம்பொறிகளை உலகம் பதியும் இடங்களாகவும் கொண்டால் அவையும் இக்கிளையில் அடங்கும்; இது என் கருத்து. இரு கிளைகளுக்கும் வேர் ஒன்றே என்று துணிந்து சொல்ல, நான் அறிந்த பாடல்கள் இடந்தரவில்லை.

திருக்குறளிலும் இச்சொல் ஒரே பொருளில் நிற்கவில்லை. ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்னும் 6ஆம் குறளில் அது புலன்களின் வாயில். ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்னும் 618ஆம் குறளிலோ பரிமேலழகர் அதற்கு விதி என்று உரை காண்கிறார்.