பிரான்சின் நடுமலைப் பகுதியில் கிராவல் சைக்கிள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கிராவல் சைக்கிள் என்றால் மண், சரளைப் பாதைக்கு ஏற்ற அகல டயர் சைக்கிள். அதில் போக ஆர்தேஷ், லோசேர், செவென் பக்கத்து மண்பாதைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பாரிசில் இருக்கிறேன். சமதளத்தில் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் போவேன். லோசேரிலும் அதே கணக்கில் திட்டம் போடலாமா?

போடாதீர்கள். இங்கே கிலோமீட்டரை வைத்து நாளைப் பிரித்தால் சாயங்காலம் நடுக்காட்டில்தான் நிற்பீர்கள். ஃப்ளோராக் ஊர் பள்ளத்தாக்குக்குள் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தலைக்கு மேலே நிற்கும் கோஸ் மெஜான் மேட்டுநிலம் ஏறத்தாழ 1,000 மீட்டர், வடகிழக்கே மோன் லோசேரின் உச்சி 1,699 மீட்டர். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வரைபடத்தில் விரல்கடை தூரம்தான் தெரியும், ஆனால் ஏறி இறங்க அரை நாள் போய்விடும். அதனால் முதலில் அன்றைய மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். பையோடு மண்பாதையில் போகிறவருக்கு ஒரு நாளில் 1,200 மீட்டர் ஏற்றம் நல்ல உழைப்பு. அது 50 கிலோமீட்டரில் முடிந்துபோனால் 50 போதும்.

முதல் தடவை. மனைவியும் பன்னிரண்டு வயது மகளும் கூட வருகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

யோசிக்காமல் சொல்வேன்: ஆர்தேஷில் டோல்சே வியா. ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் லா வூல்ட்டிலிருந்து ஏரியூ ஆற்றின் கூடவே லெ ஷெலார் வரை போய், அங்கிருந்து ஒரு கிளை சான் அக்ரேவுக்கும் இன்னொன்று லமாஸ்த்ருக்கும் பிரிகிறது. இது 1968இல் மூடப்பட்ட மீட்டர்கேஜ் ரயில் பாதை. நீராவி இன்ஜின் இழுத்துப்போன தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் எங்கும் கிடையாது, ஆற்றின் ஒவ்வொரு வளைவுக்கும் கூடவே வளைந்து, கல் சுவர்களையும் பாலங்களையும் தாண்டி, மெதுவாக உயர்ந்துகொண்டே போகும். கெட்டித்த பொடிமண் தரை, மோட்டார் வண்டி கிடையாது, குறுக்கே வரும் சாலைகளில் மட்டும் மகளுக்குப் பக்கத்தில் இருங்கள். லெ ஷெலாருக்கு மேலே சான் அக்ரேவ் போகும் பகுதியில் ஏற்றம் தொடர்ந்து இருக்கும், ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. முதல் நாளே அங்கே போக வேண்டாம். வாலான்சில் ரயிலை விட்டு இறங்கி, ஆற்றோரமாக வியா ரோனா என்ற சைக்கிள் பாதையிலேயே லா வூல்ட் வந்துவிடலாம்.

டயர், கியர் என்ன போடுவது?

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், கோஸ் எனப்படும் சுண்ணாம்பு மேட்டுநிலப் பக்கமும் மோன் லோசேரும் என்றால் 45 நல்லது. டியூப்லெஸ் கட்டாயம். வேலி வெட்டிய நாளில் பாதையெல்லாம் முள்ளாகக் கிடக்கும், டியூபை ஒட்டிக்கொண்டே நேரம் போய்விடும். கியரில் முன் பல்சக்கரத்தைவிடப் பின்னது பெரியதாக இருக்க வேண்டும், முன்னே 38 என்றால் பின்னே 44 மாதிரி. கடையில் வாங்கும்போது வேகமாகப் போகும் கியரைத்தான் காட்டுவார்கள், அது இங்கே தேவையே படாது.

இன்னொன்று, மோன் லோசேர் கருங்கல் மலை. அந்தக் கல் உதிர்ந்து உதிர்ந்து பருமணலாகிப் பாதை முழுக்கக் கிடக்கிறது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் அங்கேயே சுற்றும், உட்கார்ந்தே மிதியுங்கள். மழை பெய்தால் சேறாகாது, தண்ணீர் வடிந்துவிடும், அது நல்ல விஷயம். ஆனால் அந்த ஈர மணல் பிரேக் பேடை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துப் போங்கள்.

ஆப் போட்டுக் கொடுத்த வழியில் போனால் படிக்கட்டு மாதிரிப் பாறைதான் வந்தது. எப்படித் தவிர்ப்பது?

ஆப் சைக்கிளுக்கு என்று காட்டுவதில் பாதி நடைபாதைதான். வழியைப் போட்டபின் பிரான்சின் அரசு நிறுவனமான ஐஜிஎன் போடும் 1:25,000 வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுவிட்டு வரும் மெல்லிய கோடு ஒற்றையடிப் பாதை, அது சரிவில் நெருக்கமான உயரக்கோடுகளை வெட்டிக்கொண்டு இறங்கினால் சைக்கிளைத் தூக்கத்தான் வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் பாதைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் போட்டிருப்பார்கள், ஒன்று கெட்டித் தரை, ஐந்து வெறும் மண். மூன்று வரைக்கும் நம்பிப் போகலாம். அப்புறம் வானிலிருந்து எடுத்த படத்தையும் பாருங்கள்: வெள்ளையாக இரண்டு சக்கரத் தடம் தெரிந்தால் டிராக்டர் போகிறது, நீங்களும் போகலாம்.

கோஸ் மெஜான் ஆகஸ்டில் போகலாமா? தண்ணீர் கிடைக்குமா?

என் மனதுக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். வெள்ளைச் சுண்ணாம்புப் பாதை, ஆட்டு மந்தை, அடிவானம் வரை புல், வில்லாரே கிராமத்துப் பக்கம் போனால் பிஷெவால்ஸ்கி காட்டுக்குதிரைகளைக்கூடப் பார்க்கலாம், ஓரங்களில் பெரிய கழுகுகள் வட்டமிடும். 1981 முதல் இந்த வட்டாரத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்ட பிணந்தின்னிக் கழுகுகள் அவை. ஆனால் ஆகஸ்ட் நடுப்பகலில் நிழல் கிடையாது. பெய்த மழை அப்படியே சுண்ணாம்புக்குள் இறங்கிப் போய்விடுவதால் மேலே ஓடையும் கிடையாது. லவோன் என்ற வட்டக் குட்டைகள் தென்படும், அவை ஆடுகளுக்கு, குடிக்காதீர்கள். கீழே ஃப்ளோராக்கிலோ மெய்ரூயிலோ மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டு விடிகாலையில் ஏறுங்கள். மே கடைசியும் ஜூனும் இதைவிட நல்ல மாதங்கள்.

மற்ற இடங்களில் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்ற வைத்தது. "ஓ நோன் பொதாப்ல்" என்று பலகை இருந்தால் குடிக்கும் தண்ணீர் இல்லை. சாப்பாட்டுக்கு: மதியம் கடை மூடுவார்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடையாது, திங்கள் பல ரொட்டிக்கடைகளுக்கு விடுமுறை. சனிக்கிழமையே இரண்டு நாளைக்கு வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபர் எப்படி?

செப்டம்பர் தொடக்கம் அருமை. அதற்குப்பின் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடலின் சூடான ஈரக்காற்று செவென் மலையில் மோதி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மில்லிமீட்டர் கொட்டித்தீர்க்கும், பள்ளத்தாக்குப் பாதைகள் ஆறாகிவிடும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் அறையிலேயே இருங்கள், யாரிடமும் வீரத்தைக் காட்ட வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் வேட்டையும் நடக்கும். "ஷாஸ் ஆன் கூர்" என்ற பலகையைப் பார்த்தால் வேறு வழியில் போங்கள், பளிச்சென்ற சட்டை போடுங்கள்.

ஆட்டு மந்தைக் காவல் நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தால்?

உடனே இறங்குங்கள். வேகமாகப் போகும் சைக்கிள்தான் அதற்குப் பயம். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, அமைதியாகப் பேசியபடி நடந்து, மந்தையை நன்றாகச் சுற்றிப் போங்கள். கல்லெடுத்து ஓங்கக் கூடாது. அது தன் வேலையைத்தான் செய்கிறது.

மொர்வானிலிருந்து கடல் வரை போகும் பெரிய பாதையை முழுதாகப் போகலாமா?

அவல்லோன் முதல் கப் தாக்த் வரை, இந்த நடுமலைப் பகுதியை (மாசிஃப் சென்ட்ரல்) கடந்து போகும் பாதையைக் கேட்கிறீர்கள். 1,300 கிலோமீட்டருக்கு மேல். அது மலைச்சைக்கிளுக்குப் போட்டது. கிராவலில் போகலாம், சில இறக்கங்களில் பக்கத்துத் தார்ச்சாலைக்கு மாறிக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் போவதைவிடத் துண்டு துண்டாகப் போவது மேல் என்பேன். கிளேர்மோன் ஃபெரானிலிருந்து நீம் போகும் ரயில் லாங்கோன், வில்ஃபோர் என்று மலைக்கு நடுவிலேயே நிற்கும். லாங்கோனில் இறங்கி மோன் லோசேரைத் தாண்டி ஃப்ளோராக், அங்கிருந்து கிழக்கே அலெஸில் ரயில் ஏறினால் நான்கு நாள் பயணம் அழகாக அமையும். சைக்கிளுக்கு இடம் குறைவு, கோடையில் போவதற்கு முன் அந்த ரயிலுக்கு முன்பதிவு வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள்.