எலும்புப் புற்றுநோயும் தன்னைத் தின்னும் செல்லும்: கேள்வி பதில்

செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே செரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்வதற்கு ஆட்டோபேஜி என்று பெயர், தமிழில் தன்னுண்ணல். எலும்புப் புற்றுநோயில் அதற்கு என்ன வேலை என்று வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: தன்னுண்ணல் என்றால் செல் தன்னையே தின்று செத்துப்போவதா?

பதில்: பெயர்தான் அப்படி மிரட்டுகிறது. பெரும்பாலும் செல் சாகாமல் இருப்பதற்காகவே தின்கிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியா, கோணலாக மடிந்த புரதம் போன்றவற்றை இரட்டைச் சவ்வுப் பை ஒன்று சுற்றி வளைக்கும். அந்தப் பை, செல்லின் செரிமான அறையான லைசோசோமுடன் இணைந்ததும் உள்ளே இருப்பது நொறுங்கி, அமினோ அமிலங்களாகச் செல்லுக்கே திரும்பும். 1963இல் இதற்குப் பெயர் சூட்டியவர் கிறிஸ்டியன் டி டுவே. இதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: குப்பையை அகற்றுவது நல்லதுதானே? பிறகு ஏன் புற்றுநோயோடு சேர்த்துப் பேசுகிறார்கள்?

பதில்: கட்டி உருவாகும் முன் அது காவல்காரன். தன்னுண்ணலுக்குத் தேவையான பெக்ளின் 1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை இழந்த எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வந்ததை 2003இல் காட்டினார்கள். கட்டி வேரூன்றிவிட்டால் அதே காவல்காரன் திருடனுக்குச் சமைத்துப் போடுகிறான். வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேராது. ஆக்சிஜனும் குறைவு, உணவும் குறைவு. அங்குள்ள செல்கள் தம் சேமிப்பைத் தின்றே காலம் தள்ளுகின்றன.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. முழங்காலுக்கு மேலே ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று. அறுவைக்கு முந்தைய கீமோதெரபியில் கட்டி எதிர்பார்த்த அளவு அழியவில்லை என்கிறார்கள். தன்னுண்ணல்தான் காரணமா?

பதில்: காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், உங்கள் மகனின் கட்டியில் அதுதான் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் தெரிந்தது இது: டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், மெத்தோட்ரெக்ஸேட் ஆகிய மூன்று கீமோ மருந்துகளுமே ஆஸ்டியோசர்கோமா செல்களில் எச்எம்ஜிபி1 என்ற புரதத்தைக் கூட்டுகின்றன. அது பெக்ளின் 1ஐத் தட்டியெழுப்ப, தன்னுண்ணல் முடுக்கிவிடப்படுகிறது. அடிபட்ட செல் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள், மெத்தோட்ரெக்ஸேட்டை உள்ளே விடாத வாயில்கள் என வேறு தந்திரங்களும் கட்டிக்கு உண்டு. அகற்றிய கட்டியில் 90 சதவீதமாவது இறந்திருந்தால் நல்ல பலன் என்பது வழக்கமான அளவுகோல். அதற்குக் குறைந்தால் எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. கட்டியின் ஓரங்கள் சுத்தமாக அகற்றப்பட்டனவா, நுரையீரல் சிடி ஸ்கேனில் ஏதும் தெரிகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இப்போது உங்களுக்கு உதவும் கேள்விகள் அவைதாம்.

கேள்வி: மலேரியா மருந்தான குளோரோகுயின் தன்னுண்ணலைத் தடுக்குமாமே. கீமோவுடன் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: லைசோசோமின் அமிலத்தன்மையை அது கெடுக்கிறது, எனவே செரிமானம் நடக்காது. ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் கீமோவின் தாக்குதல் கூடியதைப் பலர் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த மாத்திரைக்குக் கட்டி எது, இதயம் எது என்று தெரியாது. டாக்சோரூபிசின் ஏற்கெனவே இதயத்தைப் பதம் பார்க்கும் மருந்து. குளோரோகுயினும் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. ஆஸ்டியோசர்கோமாவுக்கு இது வழக்கமான சிகிச்சை அல்ல. நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பட்டினி கிடந்தால் தன்னுண்ணல் பெருகி, புற்று கரையும் என்கிறார்களே?

பதில்: கரையாது. பட்டினியில் கட்டியின் செல்லிலும் அதே தன்னுண்ணல்தான் விழித்துக்கொள்ளும். கீமோவில் எடை இழக்கும் பிள்ளையைப் பட்டினி போடுவது ஆபத்து.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. மருந்து கொடுத்த எலும்புப் புற்றுச் செல்களில் எல்சி3-II கூடியிருக்கிறது. தன்னுண்ணல் அதிகரித்தது என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள்! இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை இது. நானும் செய்து திருத்திக்கொண்டவன்தான். தெருமுனையில் குப்பைப் பைகள் குவிந்திருந்தால், வீடுகளை மும்முரமாகக் கூட்டுகிறார்கள் என்றும் கொள்ளலாம், லாரி வரவில்லை என்றும் கொள்ளலாம். எல்சி3-II அந்த இரட்டைச் சவ்வுப் பைகளில் ஒட்டியிருக்கும் புரதம். அது பைகளை எண்ணுகிறது, லாரியான லைசோசோமின் வேலையை அல்ல. பாஃபிலோமைசினால் லைசோசோமை அடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மருந்தோடு அதையும் சேர்த்தபோது, பாஃபிலோமைசின் மட்டும் கொடுத்த செல்களைவிட எல்சி3-II கூடினால், பைகள் உண்மையாகவே அதிகம் உருவாகின்றன. கூடாவிட்டால் உங்கள் மருந்தே லாரியை நிறுத்தியிருக்கலாம். தன்னுண்ணலில் தானும் சேர்ந்து செரிக்கப்படும் பி62 என்ற புரதம் குறைகிறதா என்றும் பாருங்கள். ஆனால் அதன் மரபணுவே தூண்டப்பட்டாலும் பி62 ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: நல்ல எலும்புச் செல்களுக்கும் இது தேவையா?

பதில்: மிகவும் தேவை. ஆஸ்டியோசைட்டுகள் என்ற முதிர்ந்த எலும்புச் செல்கள் எலும்புக்குள் புதைந்தபடியே பல ஆண்டுகள் உயிரோடு இருப்பவை. பழுதைத் தாமே சரிசெய்துகொண்டால்தான் உண்டு. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்டுகளோ, எலும்பின்மீது அமிலத்தையும் நொதிகளையும் கொட்டுவதற்கு தன்னுண்ணலுக்கான இதே புரதங்கள் சிலவற்றைப் பயன்படுத்துகின்றன. கட்டியில் தன்னுண்ணலை அடைக்கப் போனால், வளரும் பிள்ளையின் எலும்பிலும் கை வைத்ததாகிவிடும்.