ஆடி மழையில் குழந்தையோடு வால்பாறை போகலாமா?

கேள்வி: ஜூலை கடைசியில் ஆறு வயதுக் குழந்தையோடு, சொந்தக் காரில், இரண்டு நாள் வால்பாறை போகத் திட்டம். கூழாங்கல் ஆற்றில் குளிக்க ஆசை. பாதை பாதுகாப்பானதா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். வால்பாறையின் முழு அழகும் தென்மேற்குப் பருவமழையில்தான் தெரியும். ஆனால் ஆற்றில் கால் வைக்கவே கூடாது. இதை முதலில் சொல்லக் காரணம், மழைக்காலத்தில் அங்கே போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயப்படுகிற அளவுக்கு ஆற்றுக்குப் பயப்படுவதில்லை.

படத்தில் பார்க்கும் கூழாங்கல் ஆறு கோடைக்கால ஆறு. முழங்கால் அளவு தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள் பளிச்சென்று தெரியும். ஜூலையில் அதே இடத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடும், அடி தெரியாது. உருண்டைக் கல்லில் பாசி படிந்திருப்பதால் மிதித்ததும் கால் வழுக்கும், கல்லும் உருளும். ஓட்டம் வேகமாக இருந்தால் முழங்கால் தண்ணீரே பெரியவர்களைச் சாய்த்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே எஸ்டேட் சரிவுகளில் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கீழே வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே கரையைவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் ஐந்து கல்லூரி மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். அது பெருமழை கொட்டிய நாள்கூட இல்லை. குழந்தை இருப்பதால் தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள். ஈரப் பாறையில் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ, புடவையோ, நீளக் கழியோ வீச வேண்டும்.

குளித்தே ஆக வேண்டும் என்றால் மலையடிவாரத்தில், ஆழியாறு அருகே இருக்கும் குரங்கு அருவிதான் வழி. அதையும் வெள்ளம் கூடும் நாளில் வனத்துறை மூடிவிடும். மூடியிருந்தால் வாதாடாமல் மேலே கிளம்புங்கள்.

அடுத்தது, எந்த நாளில் மலையேறுவது? பொள்ளாச்சி வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடிவாரத்து ஆழியாற்றில் வெயில் அடிக்கும்போதே, மலைப்பாதையின் மேலே இருக்கும் கவர்க்கல்லில் வைப்பரை முழு வேகத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். சென்னை வானிலை மையத்தின் அறிவிப்பில் ‘கோவை மாவட்ட மலைப்பகுதிகள்’ என்று வரும் வரியைத் தேடிப் படியுங்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றால் போகலாம். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யக்கூடும், குழந்தையோடு போகிறவர்கள் ஒரு நாள் தள்ளிப்போடுவதே சரி. சிவப்பு என்றால் அறையை ரத்து செய்துவிடுங்கள். இன்னொரு நம்பகமான அடையாளம் உண்டு. வால்பாறை வட்டத்துப் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை என்று மாவட்ட ஆட்சியர் அறிவித்தால், அன்று மலையேறக் கூடாது.

2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஊட்டி, கொடைக்கானலுக்கு எடுக்கும் அதே இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிராது.

பொள்ளாச்சியிலிருந்து 64 கி.மீ. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை இருக்கும். மழையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குள் பொள்ளாச்சியை விட்டால் பதினொன்றரைக்குள் ஊர் சேரலாம். பிற்பகலில் கிளம்பி இருட்டில் ஏறுவதுதான் பெரிய தவறு. மூடுபனி, மழை, இருட்டு மூன்றும் சேர்ந்தால் சாலையின் வெள்ளைக் கோடுகூடத் தெரியாது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே வண்டியை ஓரங்கட்டலாம், வரையாடுகளும் நிற்கும். தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்.

ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. அரசுப் பேருந்து திரும்ப வளைவு முழுவதும் வேண்டும் என்பதால், எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம் போதும். நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டு ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தால் ஏ.சி.யை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். கிளம்பும் முன் வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள். டயர் பள்ளம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மழை மலைக்கு ஆகாது.

குழந்தைக்கு வாந்தி வரும். மருத்துவர் சொன்ன மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். வெறும் வயிற்றோடு ஏற்ற வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

அறை எடுக்கும்போது கட்டிலையும் காட்சியையும் விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கட்டடத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிய சரிவு இருக்கிறதா? மின்சாரம் போனால் வெந்நீருக்கு என்ன வழி? ஜெனரேட்டர் உண்டா? மரம் விழுந்து மின்சாரம் அறுபடுவது அங்கே மழைக்கால வழக்கம். முதல் கேள்வி மற்ற இரண்டையும்விட முக்கியம். 2024 ஜூலை 30 அன்று சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். பின்சுவரை ஒட்டிய சரிவில் புது வெடிப்போ, சாய்ந்த மரமோ, கலங்கல் நீர் கசிவோ தெரிந்தால் வேறு அறை கேளுங்கள்.

துணி காயவே காயாது. ஜீன்ஸ் வேண்டாம், சட்டென உலரும் துணி எடுங்கள். இரண்டு நாளுக்கு ஆளுக்கு ஐந்து ஜோடி காலுறை வேண்டும். நனைந்த ஷூவுக்குள் இரவில் செய்தித்தாளைத் திணித்து வைத்தால் காலையில் போடும் அளவுக்கு உலரும். புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும். உப்பைத் துணியில் முடிந்து நனைத்துக் காலுறை மேலும் ஷூ விளிம்பிலும் தடவுங்கள், மழையில் கரைந்துவிடுவதால் அவ்வப்போது மறுபடி தடவ வேண்டும். கடித்த அட்டையைப் பிய்க்காமல், வாய்ப்பகுதியில் நகத்தைச் செருகிப் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பார்க்கும் இடங்களில் சோலையாறு அணைக்கு முதலிடம் கொடுங்கள். நீர்மட்டம் 160 அடி தொட்டபின் உபரி நீர் சேடல் அணை வழியாகப் பரம்பிக்குளத்துக்குப் போகும். நல்லமுடி காட்சிமுனையில் பனி மூடினால் எதிரே வெள்ளைச் சுவர்தான், அதிகாலையில் போனால் ஓரளவு வாய்ப்பு உண்டு. புதுத்தோட்டத்தில் சாலையோரமே சிங்கவால் குரங்குகள் வரும். காருக்குள் இருந்தபடியே பாருங்கள், சாலையைக் கடக்கும் என்பதால் வேகத்தைக் குறையுங்கள். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மழை உச்சத்தில் அனுமதி கிடைப்பதே அரிது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மாலை ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். அந்தி நேரத்தில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குழந்தையைத் தனியே விளையாட விடாதீர்கள். 2025இலும் அங்கே சிறுத்தை குழந்தையைத் தூக்கிப்போன சம்பவம் நடந்திருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் பொள்ளாச்சிக்குத்தான் இறங்க வேண்டும் என்பதால் வழக்கமான மருந்துகளோடு காய்ச்சல் மருந்தும் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது மழை குறைந்திருந்தால் மளுக்குப்பாறை, மலக்கப்பாறை வழியாகக் கேரளத்தின் அதிரப்பள்ளிக்கு இறங்கலாம். சோலையாறு சாலக்குடி ஆற்றின் கிளை என்பதால் மேலே அணையில் பார்த்த ஆற்றையே அங்கே அருவியாகவும் பார்க்கலாம். மலக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் இடையே ஏறத்தாழ 50 கி.மீ. அடர்ந்த காடு, கடை, பெட்ரோல், சிக்னல் எதுவும் கிடைக்காது. கனமழை நாட்களில் கேரள வனத்துறை அந்தப் பாதையை அடைத்துவிடும். முந்தின இரவே விடுதிக்காரரிடம் விசாரித்து, திறந்திருந்தால் காலை ஏழு மணிக்கே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அடைத்திருந்தால் வந்த வழியே, இரண்டாம் கியரில், பொள்ளாச்சி.