பிஎஃப்சென்ஸில் ஏஇஎஸ்-என்ஐ போட்டும் விபிஎன் வேகம் ஏறவில்லையே, எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: நாலு கோர் உள்ள சின்னப் பெட்டியில் பிஎஃப்சென்ஸ் என்கிற ஃபயர்வால் மென்பொருள் ஓடுகிறது, இரண்டு ஆபீஸுக்கும் நடுவே ஓபன்விபிஎன் டனல் (டேட்டாவை என்கிரிப்ட் செய்து அனுப்பும் வழி), இரண்டு பக்கமும் 500 எம்பிபிஎஸ் லைன். டனல் வழியாக ஃபைல் காப்பி செய்தால் அதில் கால்வாசிதான் வருகிறது. 'கிரிப்டோகிராஃபிக் ஹார்டுவேர்' என்கிற மெனுவில் ஏஇஎஸ்-என்ஐ (ஏஇஎஸ் என்கிரிப்ஷனை வேகமாகச் செய்ய சிபியுவிலேயே இருக்கும் கட்டளைகள்) வைத்துப் பார்த்தாயிற்று, அதோடு 'பிஎஸ்டி கிரிப்டோ டிவைஸ்' சேர்த்தும் பார்த்தாயிற்று. வேகம் ஏறவில்லை, கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருக்கிறது.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஓபன்விபிஎன்னுக்கு அந்த மெனுவில் நீங்கள் ஏஇஎஸ்-என்ஐ வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான். ஓபன்விபிஎன் கெர்னலுக்கு (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) வெளியே ஓடுகிற ஒரு புரோகிராம். என்கிரிப்ஷன் வேலையை அது ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியிடம் கொடுக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் தொடங்கும்போதே சிபியுவைக் கேட்டுப் பார்க்கும், ஏஇஎஸ் கட்டளைகள் இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும், யாருடைய அனுமதியும் அதற்கு வேண்டாம். மெனுவில் ஏஇஎஸ்-என்ஐ தேர்ந்தெடுத்தால் நடப்பது ஒன்றே ஒன்று: அதற்கான மாட்யூல் கெர்னலுக்குள் ஏறும். கெர்னலுக்குள்ளேயே என்கிரிப்ட் செய்கிற ஐபிசெக் (இன்னொரு வகை விபிஎன்) மாதிரியான விஷயங்களுக்குத்தான் அது பயன்படும்.

அப்புறம் அந்த பிஎஸ்டி கிரிப்டோ டிவைஸ். வேகம் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு காலத்தில் ஃபயர்வால் பெட்டிக்குள், என்கிரிப்ஷனுக்கென்றே இருந்த ஹைஃபன் சிப் வைத்த தனி கார்டு போடுவார்கள். ஆலிக்ஸ் என்கிற சின்னப் போர்டுகளில் இருந்த ஏஎம்டி ஜியோட் சிபியுவுக்குள்ளேயே ஏஇஎஸ்-128-க்கு ஒரு குட்டி எஞ்சின் இருந்தது. அந்த சிபியுக்கள் அவ்வளவு மெதுவாக இருந்ததால், டேட்டாவைக் கெர்னலிடம் கொடுத்து, கெர்னல் சிப்பிடம் கொடுத்து, விடை திரும்பி வந்தாலும் லாபமாக இருந்தது. அந்த வழியைத் திறந்துவிடுவதுதான் இந்த டிவைஸ். இன்றைக்கு ஏஇஎஸ் கட்டளை சிபியுவிலேயே இருக்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டையும் கெர்னலுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது வெறும் நேர விரயம். அதனால் மெனுவில் ஏஇஎஸ்-என்ஐ மட்டும் இருக்கட்டும். ஓபன்விபிஎன் சர்வர் பக்கத்தில் தனியாக ஒரு 'ஹார்டுவேர் கிரிப்டோ' இருக்கும், அதில் 'நோ ஹார்டுவேர் கிரிப்டோ ஆக்சிலரேஷன்' என்பதையே வையுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏஇஎஸ்-என்ஐ வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மாற்றியபின் ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், ஏற்கெனவே ஏறிவிட்ட மாட்யூல் மெனுவை மாற்றிய கையோடு இறங்காது.

சரி, அப்படியென்றால் வேகம் எங்கே போகிறது? இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, தயவுசெய்து யூகிக்காமல் இதைச் செய்யுங்கள். இந்தப் பக்க நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்க நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர், நடுவில் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட விடுங்கள். ஃபயர்வால் பெட்டியிலேயே ஐபெர்ஃப் ஓட்டாதீர்கள், அது தன் பங்குக்கு சிபியுவைத் தின்று கணக்கைக் கெடுக்கும். அது ஓடும்போதே ஃபயர்வாலில் ஷெல் திறந்து, த்ரெட் வாரியாகக் காட்டும்படி டாப் கட்டளையை (எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டுவது) போடுங்கள். பெரும்பாலும் தெரிவது இதுதான்: ஓபன்விபிஎன் என்கிற ஒரே வரி 100 சதவீதத்தை ஒட்டி நிற்கும், மேலே மூன்று கோர்களின் ஐடில் வரிகள் 90-க்கு மேல் சும்மா இருக்கும். ஓபன்விபிஎன் டேட்டா முழுவதையும் ஒரே த்ரெட்டில்தான் கையாளுகிறது. நாலு கோர் இருந்தாலும் ஒன்றுதான் உழைக்கும். அந்த ஒரு கோரும் அதிக நேரம் செலவழிப்பது என்கிரிப்ஷனுக்கு அல்ல, ஒவ்வொரு பாக்கெட்டையும் கெர்னலிலிருந்து வாங்கித் திரும்பவும் கெர்னலிடம் கொடுப்பதற்கு.

என்கிரிப்ஷன் மட்டும் எவ்வளவு ஓடும் என்று தனியாக அளக்க ஓபன்எஸ்எஸ்எல்லிலேயே ஸ்பீட் என்கிற சோதனை இருக்கிறது. அதை 'ஈவிபி' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், பழைய பதிப்புகளில் அது இல்லாமல் ஓட்டினால் ஏஇஎஸ்-என்ஐ பயன்படாத பாதையை அளந்துவிட்டுப் போய்விடும். டேட்டா அளவு வாரியாக, 16 பைட்டிலிருந்து தொடங்கிப் பல பத்திகள் வரும். நம் பாக்கெட் ஏறக்குறைய 1400 பைட் என்பதால் 1024 பத்தியைப் பாருங்கள், கடைசிப் பத்தியின் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கணக்கு ஆயிரம் பைட்டில் இருக்கும்: 5,00,000 என்று காட்டினால் நொடிக்கு 4 ஜிகாபிட். இங்கே ஜிகாபிட் கணக்கில் வந்து டனலில் நூற்றுச் சொச்சம்தான் வருகிறது என்றால், குறை ஏஇஎஸ்ஸில் இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

இந்தச் சோதனையிலேயே எண் மட்டமாக வந்தால் சிபியுவில் ஏஇஎஸ்-என்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் இதை 2010-இல் வெஸ்ட்மியர் சிபியுக்களில் கொண்டுவந்தது, ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மலிவு ஃபயர்வால் பெட்டிகளில் நிறைய வந்த செலரான் ஜே1900-இல் கிடையாது. சில பெட்டிகளில் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். ஒரே மெஷினில் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை (விஎம்) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் பிஎஃப்சென்ஸை வைத்திருப்பவர்கள் சிபியு டைப்பைக் கவனிக்க வேண்டும். பதிப்பு 8-க்கு முன்பு தானாக வருவது கேவிஎம்64, அது விஎம்முக்கு ஏஇஎஸ்ஸைக் காட்டவே காட்டாது. பழைய விஎம்மை அப்படியே புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தாலும் டைப் மாறாது. 'ஹோஸ்ட்' என்று மாற்றிவிட்டு முழுதாக அணைத்துப் போடுங்கள்.

அடுத்தது சைஃபர், அதாவது என்கிரிப்ஷன் முறை. இதில் கை வைத்தால் கொஞ்சம் பலன் தெரியும். பழைய டனல் என்றால் ஏஇஎஸ்-256-சிபிசி, அதோடு ஷா என்று இருக்கும். சிபிசியில் ஒரு பிளாக்கை என்கிரிப்ட் செய்த விடை வந்தால்தான் அடுத்த பிளாக்கைத் தொடங்க முடியும். ஏஇஎஸ்-என்ஐ கட்டளை பல பிளாக்குகளை வரிசையாக உள்ளே தள்ளி ஓட்டக்கூடியது, அந்த வசதி அங்கே வீணாகிறது. அது போதாதென்று பாக்கெட் திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்ய ஷா ஹேஷ் தனியாக ஓட வேண்டும், அதற்கு ஏஇஎஸ்-என்ஐ உதவாது. ஜிசிஎம்மில் பிளாக்குகள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை, சரிபார்ப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும், அதற்கு வேண்டிய பெருக்கலுக்கும் சிபியுவில் தனிக் கட்டளை இருக்கிறது. ஏஇஎஸ்-128-ஜிசிஎம்முக்கு மாறுங்கள். 128-இல் 10 சுற்று, 256-இல் 14 சுற்று, வித்தியாசம் அவ்வளவுதான். 128 பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; 256 வேண்டும் என்று ஆடிட்டில் எழுதியிருந்தால் மட்டும் 256 வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஓபன்விபிஎன் ஒரு கோர்தான். அந்தக் கட்டுப்பாட்டை உடைக்க வேண்டுமென்றால் டிசிஓ (டேட்டா சேனல் ஆஃப்லோட்) இருக்கிறது. டேட்டாவைக் கையாளும் பகுதியை மட்டும் கெர்னலுக்குள் கொண்டுபோவது அது, பிஎஃப்சென்ஸின் பிளஸ் பதிப்பில் கிடைக்கிறது. அதை ஏற்றினால் என்கிரிப்ஷன் கெர்னலுக்குள் நடக்கும், அப்போது நான் முதலில் ஒன்றுதான் என்று சொன்ன அந்த மெனு உண்மையிலேயே கணக்கில் வரும். சிபிசி அதில் ஓடாது, கம்ப்ரெஷனும் ஆகாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இரண்டு ஆபீஸுக்கு நடுவே ஐபிசெக் போடுவேன். ஃபேஸ் 1-இல் என்ன வைத்தாலும் வேகத்துக்குப் பாதிப்பில்லை, அது சாவி பேசிக்கொள்வதற்கு மட்டும். டேட்டா போகும் ஃபேஸ் 2-இல் ஏஇஎஸ்-128-ஜிசிஎம், மெனுவில் ஏஇஎஸ்-என்ஐ, ஐபிசெக் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'அசிங்க்ரனஸ் கிரிப்டோகிராஃபி' டிக். இந்த டிக் இல்லாவிட்டால் ஒரே டனலின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கோரில் போய்க் குவியும், போட்டால் வேலை பல கோர்களுக்குப் பிரியும். இன்டெல் ஆட்டம் சி3000 வகைப் பெட்டி என்றால் அதன் சில மாடல்களில் குவிக்அசிஸ்ட் என்கிற தனிப் பகுதியே இருக்கிறது, மெனுவில் அது தெரிந்தால் அதையே எடுங்கள். வயர்கார்டு என்கிற விபிஎன்னும் நல்ல தேர்வுதான், அது சாச்சா20 என்கிற வேறு சைஃபரைப் பயன்படுத்துவதால் ஏஇஎஸ்-என்ஐ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. ஜே1900 மாதிரிப் பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால் நான் யோசிக்காமல் வயர்கார்டு பக்கம் போவேன்.

ஏஇஎஸ்-என்ஐயால் வேகம் ஏறவில்லையே, அணைத்துவிடலாமா என்று மட்டும் நினைக்காதீர்கள். மென்பொருளில் அட்டவணை வைத்து ஏஇஎஸ் செய்தால், கேஷ் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே சாவியைக் கண்டுபிடிக்க முடியும் என்று டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005-லேயே காட்டியிருக்கிறார். ஏஇஎஸ்-என்ஐ கட்டளைக்கு டேட்டா எதுவானாலும் ஒரே நேரம்தான் ஆகும். 2017-இல் பிஎஃப்சென்ஸ் 2.5-க்கு ஏஇஎஸ்-என்ஐ கட்டாயம் என்று அறிவித்துவிட்டுப் பிறகு அந்த முடிவைக் கைவிட்டார்கள். கைவிட்டாலும், இன்று புதிதாகப் பெட்டி வாங்குகிறவர் அது இல்லாமல் வாங்க எந்தக் காரணமும் இல்லை.

முதலில் டாப் பார்த்துவிட்டு, ஓபன்விபிஎன் வரி எவ்வளவு காட்டுகிறது, இப்போது எந்த சைஃபர் ஓடுகிறது, பெட்டியின் சிபியு என்ன என்று மூன்றையும் கீழே எழுதுங்கள். சைஃபரை மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியிருக்கும், நடுவில் டனல் விழும், ஆபீஸ் நேரம் முடிந்தபின் செய்யுங்கள்.