நாமக்கல்லுக்குச் சேர்க்கும் பணம்

வணக்கம் ஐயா,

பையன் மூன்றாம் வகுப்பு. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். மிஸ் ‘மக்கு’ என்கிறார். நாங்கள் இருவரும் பனியன் கம்பெனி. வீடு திரும்ப எட்டு மணியாகிவிடும். டியூசன் வைத்தும் அடித்தும் பார்த்துவிட்டோம். அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா? பிளஸ் டூவுக்கு நாமக்கல் ஹாஸ்டலில் சேர்க்க இப்போதே ஏலச்சீட்டு போட்டுவருகிறோம்.

க., பல்லடம்

அன்புள்ள க.,

அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளையை அடித்தால் புத்தகத்தைக் கண்டாலே பயப்படுவான், வேறொன்றும் நடக்காது. அந்த மிஸ் சொன்ன சொல் உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. பள்ளியை மாற்றுவதெல்லாம் அப்புறம்.

என்னை உறுத்தியது அந்த ஏலச்சீட்டு. நம் கொங்குப் பக்கம் முழுக்க இதே கதைதான். பிளஸ் டூவுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறோம். ஏழு வயதில் பிள்ளை நாலு வரி வாசிக்கிறானா என்று உட்கார்ந்து கேட்க ஆளில்லை. நாலாம் வகுப்புக்கு மேல் கணக்கைக்கூட வாசித்துப் புரிந்துதான் போட வேண்டும். வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் சின்ன வயதிலேயே பிடிபடவைக்கத் தமிழக அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கியது சும்மா இல்லை.

என் அம்மாயிக்கு எழுத்து தெரியாது. காட்டு வேலை முடிந்து வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, ‘படி சாமி, கேக்கறேன்’ என்று பக்கத்தில் உட்காருவார். நான் ஒரு சொல்லில் நின்றால் அவரும் காத்திருப்பார். சொல்லித்தரத் தெரியாததால் அவசரப்படுத்தவும் மாட்டார். நிறுத்தினால் ‘அப்பறம் என்னாச்சு?’ என்பார். அதைச் சொல்வதற்காகவே அடுத்த பத்தியையும் படிப்பேன்.

எட்டு மணிக்கு மேல் கால் மணி நேரம் உங்களால் முடியும். முடியாது என்று சொல்லாதீர்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள். ஒன்றாம் வகுப்புப் புத்தகமானாலும் பரவாயில்லை, அவன் உரக்கப் படிக்கட்டும். தடுமாறினால் பொறுத்திருந்து சொல்லிக்கொடுங்கள். தினமும். ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவன் அப்பா. கூட்டத்தோடு உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைப் பார்த்தெழுதும் டியூசனில் இது கிடைக்காது. சீட்டுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து இப்போதே கதைப்புத்தகம் வாங்குங்கள்.

கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சில மாதம் கழித்தும் எழுத்துகள் பிடிபடாவிட்டால் டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். அது புத்திக்குறைவு அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே கற்றல் குறைபாட்டுக்கு இடமுண்டு. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். அரை நாள் லீவு போட்டாவது, அவனையும் கூட்டிக்கொண்டு இருவரும் போய்ப் பாருங்கள்.